கொலஸ்ட்ரால் மாத்திரையால் சர்க்கரை ஏறுமா? தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு

"ஸ்டேடின் போட்டால் சர்க்கரை நோய் வரும்" என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை கிளம்பி வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வருகிறது. செய்தி பொய்யில்லை. 2012 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே ஸ்டேடின் மாத்திரைகளின் விவரச் சீட்டில் ரத்தச் சர்க்கரை கூடலாம் என்ற குறிப்பைச் சேர்க்க உத்தரவிட்டது. ஆனால் யாருக்குக் கூடும், எவ்வளவு கூடும் என்ற இரண்டும் அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், நூறடி நடந்ததும் கெண்டைக்கால் வலியெடுத்து நின்றுவிடுபவர், எந்த நோயும் இல்லாமல் மாஸ்டர் செக்கப்பில் கொலஸ்ட்ரால் 210 என்று வந்தவர் என்று மூவரும் அதே செய்தியைப் படிக்கிறார்கள். மூவருக்கும் பதில் ஒன்றாக இருக்க முடியாது.

படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம்தான். டென்மார்க்கில் ஸ்டேடின் எடுத்துவந்த 6,74,900 பேரின் பதிவுகளை அலசி 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. ஸ்டேடினைப் பற்றி எதிர்மறைச் செய்திகள் வந்த காலத்தில் மாத்திரையைப் பாதியில் விடுவது கூடியிருந்தது. ஆரம்பத்திலேயே விட்டவர்களிடம் மாரடைப்பு 26 விழுக்காடும், இதய நோய் மரணம் 18 விழுக்காடும் அதிகம் இருந்தன.

இந்தக் கட்டுரை முக்கியமாக ஏற்கெனவே தமனி நோய் உள்ளவர்களுக்கானது. அவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் உயிரோடும் காலோடும் விளையாடுகிறது.

முதலில் நாலு சொற்கள்

1. தமனி நோய்: இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் தமனி. அதன் உட்சுவரில் கொழுப்பு, அழற்சிச் செல்கள், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து திட்டாகத் தடித்துக்கொண்டே போவதைத்தான் அடைப்பு என்கிறோம். இதயத் தமனியில் வந்தால் நெஞ்சுவலி, மாரடைப்பு. கழுத்திலோ மூளையிலோ வந்தால் பக்கவாதம். காலில் வந்தால் நடக்கும்போது வலி, ஆறாத புண், முற்றினால் விரல் கருத்துப்போதல். இடம்தான் வேறு, நோய் ஒன்றே. காலில் அடைப்பு உள்ளவர்களில் பலர் கடைசியில் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோதான் இறக்கிறார்கள்.

2. எல்.டி.எல்.: கொலஸ்ட்ராலைச் சுமந்து ரத்தத்தில் திரியும் துகள். தமனிச் சுவருக்குள் நுழைந்து திட்டாக மாறுவது இதுதான்.

3. ஹெச்பிஏ1சி: ரத்தத்தின் கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. 5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றுச் சர்க்கரையில் இதே கோடுகள் 100, 126.

4. ஸ்டேடின்: மருந்தின் பெயர் 'ஸ்டேடின்' என்று முடிந்தால் இந்தக் குடும்பம். நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது அட்டோர்வாஸ்டேடின், ரோசுவாஸ்டேடின்.

மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது?

ஜப்பானியர் அகிரா எண்டோ 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, ஒரு பென்சிலியம் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டேடினைப் பிரித்தெடுத்தார். மருந்தாக முதலில் கடைக்கு வந்தது லோவாஸ்டேடின், 1987இல்.

நம் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு. அதற்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டேடின் தடுக்கிறது. கைச்சரக்கு குறைந்ததும் கல்லீரல் தன் மேற்பரப்பில் எல்.டி.எல். பிடிக்கும் கொக்கிகளைக் கூடுதலாக நிறுத்தி, ரத்தத்திலிருந்து துகள்களை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குகிறது. தமனித் திட்டின் மேல் மூடி கெட்டிப்படுகிறது. மாரடைப்பு பெரும்பாலும் அந்த மூடி வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதால் வருவது. ஸ்டேடின் அடைப்பைக் கரைத்துவிடாது, வெடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும். "ஆறு மாதம் மாத்திரை போட்டும் ஆன்ஜியோவில் அடைப்பு அப்படியே இருக்கிறதே" என்று வருத்தப்படுபவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு விதி. மாத்திரையின் மில்லிகிராமை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் சுமார் 6 விழுக்காடுதான் இறங்கும். அட்டோர்வாஸ்டேடின் 10 மி.கி. 35 முதல் 40 விழுக்காடு வரை இறக்கும். அதை எட்டு மடங்காக்கி 80 மி.கி. கொடுத்தாலும் 50ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பின்னால் இது உதவும்.

எல்.டி.எல். 39 மி.கி. இறங்கும் ஒவ்வொரு படிக்கும் மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் தேவை ஆகியவை சேர்ந்து சுமார் 22 விழுக்காடு குறைகின்றன. 26 ஆய்வுகளில் இருந்த ஏறத்தாழ 1,70,000 பேரின் தரவுகளைக் கூட்டிப் பார்த்து 2010இல் வந்த முடிவு இது.

சர்க்கரை நோயாளியின் தமனி

சர்க்கரை நோயில் எல்.டி.எல். எண் பெரிதாக இல்லாவிட்டாலும் துகள்கள் சிறுத்து, எண்ணிக்கையில் கூடி இருக்கும். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறி, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். இறங்கியிருக்கும். ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டும். "எல்.டி.எல். 105தானே, சுமார்தானே" என்று விடப்பட்டவர்களுக்கு அடைப்பு வருவது இதனால்தான்.

கால் விஷயத்தில் இன்னும் மோசம். புகைபிடிப்பவருக்கு அடைப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் வரும். சர்க்கரை நோயாளிக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய தமனிகளில் வரும். அங்கே ஸ்டென்ட் வைப்பதும் பைபாஸ் செய்வதும் கடினம். நரம்பு மரத்துப்போயிருந்தால் நடக்கும்போது வரவேண்டிய வலியும் வராது. முதல் அறிகுறியே விரலிடுக்கில் ஆறாத புண்ணாக இருக்கும். சென்னையில் மக்களிடையே நடத்தி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், சர்க்கரை இயல்பாக இருந்தவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 6.3 விழுக்காட்டினருக்கும் கால் தமனி அடைப்பு இருந்தது.

இதைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனை ஏபிஐ. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.70. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. ஆனால் நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குக் கணுக்கால் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு ஏறி, குழாய் கல்போல இறுகியிருக்கும். கருவியின் பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அது நசுங்காது. கணுக்காலில் 210 காட்டும். 210ஐ 140ஆல் வகுத்தால் 1.5 வரும். ரிப்போர்ட்டைப் பார்த்து "ரத்த ஓட்டம் ஜோராக இருக்கிறது" என்று அனுப்பிவிட்டால், அடுத்த மாதம் விரலை எடுக்க வேண்டிய நிலையில் திரும்பி வருவார். 1.40க்கு மேல் வந்தால் அந்த எண்ணை நம்பக் கூடாது. கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

சரி, சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது?

இதற்கு நாலு பெரிய சான்றுகள் உள்ளன.

1. 2008இல் வெளியான ஜூப்பிட்டர் ஆய்வில் 17,802 பேர். ரோசுவாஸ்டேடின் 20 மி.கி. எடுத்தவர்களில் 270 பேருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 216 பேருக்கும் புதிதாகச் சர்க்கரை நோய் பதிவானது. இன்றைய பேச்சு பெரிதானது இங்கிருந்துதான்.

2. 2010இல் 13 ஆய்வுகளில் இருந்த 91,140 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்டேடின் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 9 விழுக்காடு கூடியிருந்தது. 255 பேர் நாலு ஆண்டு மாத்திரை எடுத்தால் கூடுதலாக ஒருவர்.

3. 2011இல் அதிக அளவையும் மிதமான அளவையும் ஒப்பிட்டார்கள், 32,752 பேரிடம். மிதமான அளவிலிருந்து அதிக அளவுக்கு மாற்றினால், ஓராண்டில் 498 பேரில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய். அதே மாற்றத்தால் 155 பேரில் ஒருவர் மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்விலிருந்து தப்பினார்.

4. 2024இல் வெளியான பெரிய தொகுப்பாய்வில், குறைந்த, மிதமான அளவுகளில் கூடுதல் 10 விழுக்காடு. அதிக அளவில் 36 விழுக்காடு.

இந்த 36தான் தலைப்புச் செய்தியானது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு 3.5 விழுக்காட்டினருக்குப் பதில் 4.8 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் பதிவானது, அது பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம்தான். ஆனால் அதிக அளவு ஆய்வுகளில் ஹெச்பிஏ1சியை அடிக்கடி, திட்டமிட்டுப் பார்த்தார்கள். அடிக்கடி பார்த்தால் கோட்டைத் தாண்டுபவர்கள் கூடுதலாகக் கண்ணில் படுவார்கள். அதைவிட முக்கியம், கோட்டைத் தாண்டியவர்கள் யார் என்பது. கூடுதலாக வந்த நோயாளிகளில் சுமார் 62 விழுக்காட்டினர், தொடக்கத்திலேயே சர்க்கரை அளவில் மிக உயர்ந்த கால்பங்கில் இருந்தவர்கள். ஏற்கெனவே வாசற்படியில் நின்றவர்கள். ஹெச்பிஏ1சியின் சராசரி ஏற்றம் 0.06 முதல் 0.08 வரைதான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் ஏற்றம் ஏறத்தாழ 0.1தான்.

ஒரு லேப் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு 58 வயது ஆண். தொப்பை உண்டு. நெஞ்சுவலிக்கு ஆன்ஜியோ செய்து ஒரு தமனியில் ஸ்டென்ட். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது ஹெச்பிஏ1சி 6.4, வெறும் வயிற்றில் 118, எல்.டி.எல். 128, டிரைகிளிசரைடு 210. அட்டோர்வாஸ்டேடின் 40 மி.கி. தொடங்குகிறார். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 6.5, வெறும் வயிற்றில் 121, எல்.டி.எல். 62.

லேப் 6.5ஐத் தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் 'அதிகம்' என்று போடும். எல்.டி.எல். 62 சாதாரண எழுத்தில் பேசாமல் கிடக்கும். வீட்டில் எல்லோரும் தடித்த எழுத்தைத்தான் படிப்பார்கள். "மாத்திரை சர்க்கரையைக் கொண்டுவந்துவிட்டது!"

நடந்தது என்ன? 6.4க்கும் 6.5க்கும் உள்ள இடைவெளி, ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தாலே வரக்கூடிய வித்தியாசம். அவருடைய கண், சிறுநீரகம், நரம்பு எதுவும் அந்த 0.1ஆல் நேற்றைவிட இன்று கெட்டுவிடவில்லை. நோயின் பெயர் மட்டும் மாறியது. எல்.டி.எல். 66 மி.கி. இறங்கியிருக்கிறது. மேலே சொன்ன 39க்கு 22 என்ற கணக்கில், அடுத்த மாரடைப்பின் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த நிலையில் மாத்திரையை நிறுத்துவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை.

ஜூப்பிட்டர் தரவை 2012இல் மறுபடி அலசியபோதும் இதுவே தெரிந்தது. உடல் பருமன், எல்லைக்கோட்டுச் சர்க்கரை போன்ற காரணங்களில் ஒன்றாவது இருந்தவர்களிடம், கூடுதலாக வந்த ஒவ்வொரு 54 சர்க்கரை நோய்க்கும் 134 மாரடைப்பு, பக்கவாதம், மரணங்கள் தவிர்க்கப்பட்டன. அந்தக் காரணங்கள் எதுவுமே இல்லாதவர்களிடம் கூடுதல் சர்க்கரை நோய் வரவில்லை. சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது சராசரியாக ஐந்தரை வாரம் முந்தியது. வரவிருந்தது கொஞ்சம் சீக்கிரம் வந்தது என்று இதற்குப் பொருள்.

ஏன் ஏறுகிறது?

முழு வழிமுறை ஒன்றல்ல, பல. தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குக் கொஞ்சம் மந்தமாகின்றன, கணையத்தின் இன்சுலின் சுரப்பும் லேசாகக் குறைகிறது. ஒன்று மட்டும் தெளிவு: ஸ்டேடின் தடுக்கும் அதே நொதியின் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் உள்ளவர்களுக்கு எல்.டி.எல். குறைவாகவும், உடல் எடையும் சர்க்கரை நோய் வாய்ப்பும் சற்றுக் கூடுதலாகவும் இருப்பதை 2015இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மருந்தின் வேலையோடு ஒட்டிய விளைவு இது, கலப்படமோ தயாரிப்புக் கோளாறோ காரணமில்லை. அதனால் பிராண்டை மாற்றினால் போய்விடும் என்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம்.

"பிட்டாவாஸ்டேடினில் சர்க்கரை ஏறாது" என்ற பேச்சும் பரவலாக உண்டு. 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 7,769 பேரில் பிட்டாவாஸ்டேடின் எடுத்தவர்களில் 5.3 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 4.0 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. அதிலும் ஏறுகிறது.

தமனி நோயாளிக்குக் கிடைப்பது என்ன?

பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடந்த ஹார்ட் புரொடெக்‌ஷன் ஸ்டடியில், சிம்வாஸ்டேடின் 40 மி.கி. ஐந்தாண்டு கொடுத்தார்கள். அவர்களில் 6,748 பேருக்குக் கால் தமனி நோய் இருந்தது. மாத்திரை எடுத்தவர்களில் 26.4 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 32.7 விழுக்காட்டினருக்கும் பெரிய நிகழ்வு ஏதாவது வந்தது. ஆயிரம் பேருக்கு 63 பேர் தப்பினார்கள். மேலே பார்த்த 255க்கு ஒருவர் என்ற கணக்கில், மிதமான அளவில் அதே ஆயிரம் பேரில் ஐந்தாண்டில் கூடுதலாகச் சர்க்கரைக் கோட்டைத் தாண்டுபவர்கள் ஐந்து பேர் அளவுக்கு இருப்பார்கள். வாசற்படியில் நிற்பவர்கள் அதிகம் உள்ள கூட்டமாக இருந்தால் அந்த ஐந்து பத்தாகவும் பதினைந்தாகவும் ஆகட்டும், 63ஐ எட்டாது.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பலன் குறையுமா? குறையவில்லை. 14 ஆய்வுகளில் இருந்த 18,686 சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எல்.டி.எல். 39 மி.கி. இறங்குவதற்குப் பெரிய நிகழ்வுகள் 21 விழுக்காடும், எல்லாக் காரண மரணமும் 9 விழுக்காடும் குறைந்தன. ஐந்தாண்டில் ஆயிரத்துக்கு 42 பேர் தப்பினார்கள்.

"சர்க்கரை ஏறினால் தமனி கெடும், அப்போது ஸ்டேடின் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்குகிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2008இல் வெளியான அக்கார்ட் ஆய்வில் இருக்கிறது. தமனி ஆபத்து அதிகமுள்ள 10,251 சர்க்கரை நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஹெச்பிஏ1சியைக் கடுமையாக 6.4 வரை இறக்கினார்கள், மறுபாதிக்கு 7.5. ஒரு முழுப் புள்ளிக்கும் மேல் வித்தியாசம். மூன்றரை ஆண்டில் மாரடைப்பு, பக்கவாதங்களில் பெரிய மாற்றம் வரவில்லை, கடுமையான கட்டுப்பாட்டுப் பக்கத்தில் மரணம் கூடியதால் அதை நிறுத்தவே வேண்டியிருந்தது. முழுப் புள்ளி இறக்கியே தமனிக்குப் பெரிய லாபம் இல்லாதபோது, 0.1 ஏறுவது ஸ்டேடினின் லாபத்தைத் தின்றுவிட முடியாது. மேலும், ஸ்டேடின் ஆய்வுகளில் வந்த பலன் எண்கள் எல்லாமே சர்க்கரை ஏறியதையும் உள்ளடக்கிய நிகரக் கணக்குதான். சர்க்கரைக் கட்டுப்பாடு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும், காலில் புண் ஆறுவதற்கும் அது கட்டாயம்.

காலைக் காப்பாற்றுமா?

கால் அடைப்புள்ளவர்கள் பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் கிடைக்கிறது, நடைவலிக்கு சிலோஸ்டசால் கிடைக்கிறது, ஸ்டேடின் மட்டும் விடுபட்டுப் போகிறது. அதை இதய மாத்திரை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரில் கால் தமனி நோயுள்ள 1,55,647 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், உறைவெதிர்ப்பு மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட, அதிக அளவு ஸ்டேடின் எடுத்தவர்களுக்குக் காலை எடுக்க நேர்வது 33 விழுக்காடும் மரணம் 26 விழுக்காடும் குறைவாக இருந்தது. இது பதிவேட்டு ஆய்வு; குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைக்கு உள்ள எடை இதற்கு இல்லை. ஆனால் 2017இல் வெளியான ஃபூரியர் சோதனை குலுக்கல் முறையில் நடந்தது. அதில் கால் தமனி நோயுள்ள 3,642 பேர் உட்பட 27,564 தமனி நோயாளிகளுக்கு, ஸ்டேடினோடு எவலோகுமாப் ஊசியும் சேர்த்து எல்.டி.எல்.லை இன்னும் இறக்கியபோது, காலுக்கு வரும் பெரிய ஆபத்துகள் 42 விழுக்காடு குறைந்தன. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன: எல்.டி.எல். இறங்கினால் காலும் பிழைக்கிறது.

யார் என்ன செய்வது?

1. தமனி நோய் உண்டு, சர்க்கரை இல்லை: முழு அளவு ஸ்டேடின். அட்டோர்வாஸ்டேடின் 40 முதல் 80 மி.கி., அல்லது ரோசுவாஸ்டேடின் 20 மி.கி. இந்தியர் உட்பட ஆசியர்களின் ரத்தத்தில் ரோசுவாஸ்டேடின் அளவு கூடுதலாக ஏறுவதால், 5 மி.கி.யில் தொடங்கி ஏற்றலாம். எல்.டி.எல். 55க்குக் கீழே போக வேண்டும், தொடக்க அளவில் பாதியாவது குறைய வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டி 2019இலிருந்து சொல்லும் இந்த 55ஐ இந்திய இதயவியல் சங்கமும் 2024இல் எடுத்துக்கொண்டது.

2. தமனி நோயும் சர்க்கரையும் உண்டு: அதே அளவு, அதே இலக்கு. "சர்க்கரை வரும்" என்ற அச்சத்துக்கு இங்கே இடமே இல்லை, ஏற்கெனவே வந்துவிட்டது. 0.1 ஏறினால் சர்க்கரை மாத்திரையைச் சரிசெய்ய வேண்டும்.

3. தமனி நோயும் உண்டு, சர்க்கரை வாசற்படியிலும் நிற்கிறது: அதிகம் குழம்புவது இவர்கள்தான். மிதமான ஸ்டேடினோடு எஸெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பது நல்ல வழி. இரட்டிப்புக்கு 6 விழுக்காடு என்ற விதி நினைவிருக்கட்டும். எஸெட்டிமைப் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுத்து மேலும் சுமார் 20 விழுக்காடு இறக்கும். அதனால் சர்க்கரை ஏறுவதில்லை. இலக்கு எட்டாமல் ஸ்டேடினைக் குறைப்பதற்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது.

4. தமனி நோய் இல்லை, 40 வயதுக்கு மேல் சர்க்கரை உண்டு: மிதமான அளவு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,838 பேரிடம் நடந்த கார்ட்ஸ் ஆய்வில் அட்டோர்வாஸ்டேடின் 10 மி.கி. பெரிய நிகழ்வுகளை 37 விழுக்காடு குறைத்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் இரண்டாண்டு முன்பே ஆய்வை முடித்தார்கள்.

இரண்டும் இல்லாத, ஆபத்தும் குறைவான இளம் வயதினருக்குத்தான் "வேண்டுமா?" என்ற விவாதம் உண்மையிலேயே பொருந்தும். கருவுறத் திட்டமிடும் பெண்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தொடங்குமுன் ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால், கல்லீரல் சோதனையான ஏஎல்டி பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 4 முதல் 12 வாரத்தில் கொலஸ்ட்ரால் மறுபடி. ஹெச்பிஏ1சி மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. தொடக்க எண் கையில் இல்லாதவர்கள்தான் பின்னால் ஏறியதெல்லாம் மாத்திரையால் என்று நினைக்கிறார்கள்.

எங்கே தவறிப்போகிறது?

"எல்.டி.எல். நார்மல் ஆகிவிட்டது, மாத்திரையை விட்டுவிட்டேன்." அடிக்கடி கேட்கும் பேச்சு. நார்மல் ஆனதே மாத்திரையால். நிறுத்திய சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடும். லேப் தாளில் 'நார்மல் 100க்குக் கீழ்' என்று அச்சடித்திருப்பது பொதுமக்களுக்கானது. ஸ்டென்ட் வைத்தவருக்கு 90 என்பது அதிகம்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது டிரைகிளிசரைடு எகிறும். அது 400ஐத் தாண்டினால், பல லேப்கள் சூத்திரத்தில் கணக்கிட்டுத் தரும் எல்.டி.எல். தப்பாகக் குறைவாக வரும். அப்போது மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்த எண் 85க்குக் கீழே இருக்க வேண்டும்.

வயிற்றுப்புண் கிருமிக்குத் தரும் 14 நாள் மாத்திரைத் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் இருக்கும். அது சிம்வாஸ்டேடின், அட்டோர்வாஸ்டேடின் இரண்டும் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து, தசைச் சிதைவு வரை கொண்டுபோகலாம். அந்த நாட்களுக்கு மருத்துவரிடம் கேட்டு ஸ்டேடினை நிறுத்தி வைக்கலாம், அல்லது அளவைக் குறைக்கலாம். முடிந்ததும் மறக்காமல் தொடர வேண்டும். டிரைகிளிசரைடுக்கு ஜெம்ஃபைப்ரோசில் எழுதியிருந்தால் ஸ்டேடினோடு சேர்க்கக் கூடாது. ரோசுவாஸ்டேடின் எடுப்பவர்கள் நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட் குடித்தால் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

இரவில்தான் போட வேண்டும் என்பது சிம்வாஸ்டேடினுக்கு. அட்டோர்வாஸ்டேடினும் ரோசுவாஸ்டேடினும் எந்த நேரமும் போடலாம். இரவில் மறந்துபோகிறவர்கள் காலைச் சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துவிட்டால் விடுபடாது.

தசைவலி சர்க்கரையைவிட அதிகம் பேரை நிறுத்தவைக்கிறது. 60 பேரிடம் நடந்து 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், அவர்களுக்கே தெரியாமல் சில மாதம் ஸ்டேடின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் எதுவுமின்றி என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டேடினில் வந்த தொல்லையில் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் வந்தது. வலி நிஜம்தான், காரணம் பெரும்பாலும் மாத்திரை இல்லை. கால் அடைப்புள்ளவர் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நடந்தால் ஒரு கெண்டைக்காலில் வலி, நின்றால் சில நிமிடத்தில் போய்விடுகிறது என்றால் அது அடைப்பு. இரண்டு தொடையிலும் தோளிலும் நாள் முழுக்க இருக்கும் வலிதான் ஸ்டேடினாக இருக்கலாம். முதல் வலிக்காக ஸ்டேடினை நிறுத்துவது நோயை வளர்ப்பது. சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனால் மட்டும் அன்றே நிறுத்தி, தசைச் சிதைவைக் காட்டும் சிகே ரத்தச் சோதனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, கால் பைபாஸ், ஆன்ஜியோ, விரல் அகற்றுதல் என்று அறுவைக்குச் சேரும் நாட்கள். வெறும் வயிறு என்று சொல்லி எல்லா மாத்திரையையும் நிறுத்தும்போது ஸ்டேடினும் சேர்ந்து நின்றுவிடுகிறது. மற்ற மாத்திரைகளை எழுதித் தரும் டிஸ்சார்ஜ் சீட்டில் அது திரும்ப ஏறாமலே போகிறது. சர்க்கரை மாத்திரைகளில் சிலதையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் சிலதையும் அறுவைக்கு முன் நிறுத்த வேண்டியிருக்கும், ஸ்டேடின் அந்தப் பட்டியலில் இல்லை. அறுவை நாள் காலையிலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடலாமா என்று மயக்க மருந்து மருத்துவரிடம் கேளுங்கள். வாயால் சாப்பிடத் தொடங்கிய அன்றே மறுபடி தொடங்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்புமுன் டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்டேடின்' என்று முடியும் பெயர் ஒன்று இருக்கிறதா, பழைய அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மேசையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.